பெட்டிக்குள் இருக்கும் காற்றுக்கும் கூலி: பார்சல் செலவு எங்கே உருவாகிறது, எங்கே குறையும்?

சிறிய அளவில் இணையக் கடை நடத்துபவர்கள் நாலு பேர் சேர்ந்தால், பேச்சு சுற்றிச் சுற்றி ஒரே இடத்துக்குத்தான் வரும். "கூரியருக்குக் கொடுத்தே லாபமெல்லாம் போயிடுது." அடுத்த வரி, "வேற நல்ல கூரியர் இருந்தா சொல்லுங்களேன்." ஆளுக்கு ஒரு பெயர் சொல்வார்கள். மூன்று மாதம் கழித்து அதே ஆள் அதே கேள்வியோடு மறுபடியும் வந்து நிற்பார்.

பார்சல் செலவு என்றால் கூரியர் நிறுவனம் நிர்ணயித்திருக்கும் விலை என்றே பலரும் நினைக்கிறார்கள். ஆனால் கூரியரிடம் இருப்பது ஒரு விலைப்பட்டியல்தான். அந்தப் பட்டியலில் நம் பார்சல் எந்தக் கட்டத்தில் போய் விழுகிறது என்பதைப் பெரும்பாலும் நாம்தான் முடிவு செய்கிறோம். எந்தப் பெட்டியில் போட்டோம், ஓர் ஆர்டரை எத்தனை பெட்டியாகப் பிரித்தோம், முகவரியை ஒருமுறை சரிபார்த்தோமா என்பதெல்லாம் அந்தக் கட்டத்தை மாற்றும். உழைத்துச் சம்பாதித்த பணத்தைப் பலர் இந்த இடத்தில் தெரியாமலே விட்டுவிடுகிறார்கள். அதனால் கணக்கை அடியிலிருந்து பார்ப்போம். கூட்டல், பெருக்கல், வகுத்தல் தெரிந்தால் போதும்.

ஒரு பார்சல் போகும் வழி

ஊர் விட்டு ஊர் போகும் ஒரு பேருந்தை நினைத்துக்கொள்ளுங்கள். நெடுஞ்சாலையில் ஓடும்போது அதில் ஐம்பது பேர் இருக்கிறார்கள். எரிபொருள், ஓட்டுநர் சம்பளம், சாலைக் கட்டணம் எல்லாம் ஐம்பதாகப் பிரிந்துவிடும். ஒரு தலைக்கு விழும் செலவு கொஞ்சம்தான். இப்போது அதே பேருந்து, ஐம்பது பேரையும் அவரவர் வீட்டு வாசலில் கொண்டுபோய் இறக்கிவிட வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சந்தாக நுழைந்து, வீட்டைத் தேடி, மணியடித்து, கதவு திறக்கும்வரை நிற்க வேண்டும். நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் ஓடியபோது ஆன செலவைவிட இந்தக் கடைசிச் சில கிலோமீட்டருக்கு அதிகம் ஆகும்.

பார்சல் கதையும் இதுதான். உங்களிடமிருந்து ஓர் ஆள் வந்து எடுத்துப்போவது பிக்கப். அப்புறம் அது ஹப் எனப்படும் பெரிய பிரிப்பு மையத்துக்குப் போகிறது. எல்லாப் பார்சல்களையும் கொட்டி, ஊர்வாரியாகப் பிரிக்கும் இடம் அது. அங்கிருந்து லாரியிலோ விமானத்திலோ இன்னொரு ஹப்புக்குப் போகும். கடைசியில் ஒரு வண்டியில் ஏறி வாடிக்கையாளரின் வாசலுக்கு வரும். இந்தக் கடைசிக் கட்டத்தைத்தான் லாஸ்ட் மைல் என்கிறார்கள். நடுவில் ஓடும் தூரத்தை ஆயிரக்கணக்கான பார்சல்கள் பங்கு போட்டுக்கொள்ளும். முதல் கட்டத்திலும் கடைசிக் கட்டத்திலும் அப்படிப் பங்கு போட ஆள் கிடையாது.

இதை முதலில் கணக்குப் போட்டுக் காட்டியவர்களில் ஒருவர், பிரிட்டனின் அஞ்சல் முறையைச் சீர்திருத்திய ரோலண்ட் ஹில். அந்தக் காலத்தில் அங்கே கடிதத்துக்குத் தூரத்தையும் தாள்களின் எண்ணிக்கையையும் பார்த்துக் கட்டணம் வாங்கினார்கள். லண்டனிலிருந்து எடின்பரோவுக்கு ஒரு கடிதத்தைச் சுமந்து செல்ல உண்மையில் ஆகும் செலவு ஒரு பென்னியில் 36-இல் ஒரு பங்குதான் என்று 1837-இல் அவர் எழுதினார். மீதிச் செலவெல்லாம் கையாளுவதிலும் கணக்கு எழுதுவதிலும் வீடு வீடாகப் போய்ப் பணம் வசூலிப்பதிலும் போய்க்கொண்டிருந்தது. அதன் விளைவாகத்தான் 1840-இல் நாடு முழுவதற்கும் ஒரே கட்டணம் என்ற முறையும், முதல் அஞ்சல்தலையும் வந்தன.

தூரம் கணக்கிலேயே வராது என்று இதற்கு அர்த்தமில்லை. இன்றும் பெரும்பாலான கூரியர்கள் ஊர்களைத் தூரத்தை வைத்து மண்டலங்களாகப் பிரித்துத்தான் விலை போடுகின்றன. ஸோன் என்று பில்லில் இருக்கும். ஆனால் வாடிக்கையாளர் எங்கே இருக்க வேண்டும் என்பதை நாம் முடிவு செய்ய முடியாது. நம் கையில் இருப்பது வேறு விஷயங்கள்.

இதுவரை பார்த்தது: பார்சல் செலவில் கனமான பங்கு, எடுப்பது, பிரிப்பது, வாசலில் கொடுப்பது ஆகியவற்றில் இருக்கிறது. ஒரு பார்சலுக்கு எத்தனை முறை கை படுகிறதோ அத்தனை முறை செலவு.

எடையா, இடமா?

குழப்பம் அதிகம் வருவது இங்கேதான். "என் பொருள் அரைக் கிலோகூட இல்லை, மூன்று கிலோவுக்குப் பில் போட்டுவிட்டார்கள், ஏமாற்றுகிறார்கள்" என்று சொல்லாத புதுக் கடைக்காரர் இல்லை. பெரும்பாலும் அது ஏமாற்று இல்லை.

ஒரு மூட்டை பஞ்சு, ஒரு மூட்டை ஆணி. இரண்டையும் ஒரே வேனில் ஏற்றுகிறீர்கள். ஆணி மூட்டைகள் நாலு ஏற்றினாலே வேன் அமுங்கிவிடும், ஆனால் இடம் காலியாகக் கிடக்கும். பஞ்சு மூட்டை என்றால் வேன் கூரைவரை நிறைந்துவிடும், ஆனால் சுமையே இருக்காது. வேன்காரருக்கு இரண்டிலும் ஒரே நஷ்டம்தான், இனி வேறு சரக்கு ஏற்ற முடியாது. எடைக்கு மட்டும் கூலி வாங்கினால் பஞ்சு வியாபாரியால் அவர் கடை மூட வேண்டியதுதான்.

அதனால் ஒரு பெட்டி அடைக்கும் இடத்தையே எடையாக மாற்றிக் கணக்குப் போடுகிறார்கள். இதன் பெயர் வால்யூமெட்ரிக் வெயிட். தமிழில் கன அளவு எடை என்று சொல்லலாம். வழி எளிது. பெட்டியின் வெளிப்புற நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் அளந்து பெருக்குங்கள். வந்ததை 5000-ஆல் வகுத்தால் கிலோ கணக்கில் கன அளவு எடை கிடைக்கும். 5000 என்பது பல கூரியர்கள் வைத்திருக்கும் எண். சிலரிடம் 6000 இருக்கும், வேறு எண்ணும் இருக்கலாம். வகுக்கும் எண் பெரிதாக இருந்தால் நமக்கு நல்லது. ஒப்பந்தம் போடும்போது முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது. ஏனோ பலர் கேட்பதே இல்லை.

நிஜ எடை, கன அளவு எடை இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் பில். அதைக் கட்டண எடை என்று வைத்துக்கொள்வோம்.

இது முன்பு விமான சரக்கில் பரவலாக இருந்த வழக்கம். தரைவழிப் பார்சலில் பெரிய பெட்டிகளுக்கு மட்டும்தான் பார்த்தார்கள். அமெரிக்கக் கூரியர் நிறுவனங்களான ஃபெடெக்ஸும் யூபிஎஸ்ஸும் 2014 கடைசியிலும் 2015 தொடக்கத்திலுமாகத் தரைவழியில் போகும் சின்னப் பெட்டிகளுக்கும் இதைக் கொண்டுவந்தன. இணையத்தில் வாங்குவது பெருகி, பெரிய பெட்டிக்குள் சின்னப் பொருளாக வண்டிகள் நிறைந்துகொண்டிருந்த காலம் அது.

ஒரு கோப்பை, இரண்டு பெட்டிகள்

மேசைமேல் ஒரு பீங்கான் கோப்பை இருக்கிறது. கைப்பிடியோடு நீளம் 11 செ.மீ., அகலம் 8, உயரம் 8. எடை 300 கிராம். பக்கத்தில் கையில் கிடைத்த ஒரு பெட்டி: 30 × 25 × 20. "உடையாமல் போகட்டும்" என்று அதில் வைத்து, சுற்றிலும் தாள் திணித்து ஒட்டியாயிற்று. 30, 25, 20 மூன்றையும் பெருக்கினால் 15,000. 5000-ஆல் வகுத்தால் 3. தராசில் அரைக் கிலோகூட வராத பார்சலுக்கு மூன்று கிலோவுக்குப் பில் வரும்.

இப்போது அதே கோப்பையை 15 × 13 × 12 அளவுள்ள பெட்டியில் வையுங்கள். அட்டையின் தடிமன் போக, கோப்பையைச் சுற்றி ஏறத்தாழ ஒன்றரையிலிருந்து இரண்டு செ.மீ. இடம் இருக்கும். பபிள் ராப் சுற்ற அது போதும். பெருக்கினால் 2340, வகுத்தால் 0.47 கிலோ. பேக்கிங்கோடு சேர்த்து நிஜ எடையும் அதற்குள் அடங்கிவிடும். கட்டண எடை அரைக் கிலோவுக்குள்.

கோப்பை அதேதான், கூரியர் அதேதான், போகும் ஊரும் அதேதான். மூன்று கிலோ அரைக் கிலோ ஆகிவிட்டது. எந்தக் கூரியரிடம் எவ்வளவு பேரம் பேசினாலும் இந்த அளவு குறைப்பு கிடைக்காது.

நம் கண் இதில் நம்மை ஏமாற்றும். பெட்டி கொஞ்சம்தானே பெரிசு என்று தோன்றும். ஒவ்வொரு பக்கமும் பத்து சதவீதம் கூடினால் கொள்ளளவு 33 சதவீதம் கூடும். ஒவ்வொரு பக்கமும் இரு மடங்கானால் கொள்ளளவு எட்டு மடங்கு. மூன்று பக்கமும் சேர்ந்து பெருகுவதால் வரும் விளைவு இது. அதனால் கண்ணளவை நம்பாதீர்கள், டேப்பை எடுத்து அளந்து பாருங்கள்.

படிக்கட்டுக் கணக்கு

கட்டணம் சரிவுப் பாதைபோல ஏறாது, படிக்கட்டுபோல ஏறும். ஒவ்வொரு படிக்கும் ஸ்லாப் என்று பெயர். பல இடங்களில் அரைக் கிலோ ஒரு ஸ்லாப். 0.47 கிலோ என்றாலும் 0.5 கிலோ என்றாலும் முதல் படி. 0.51 ஆகிவிட்டால் இரண்டாம் படி, அதாவது முழு ஒரு கிலோவுக்கான கட்டணம்.

நம் கோப்பைப் பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். 15 × 13 × 12 கடையில் கிடைக்கவில்லை, ஒவ்வொரு பக்கமும் ஒரு செ.மீ. கூடுதலாக 16 × 14 × 13 கிடைத்தது என்று வாங்கிவிட்டால், பெருக்கத் தொகை 2912, கட்டண எடை 0.58. ஒரே ஒரு சென்டிமீட்டர், அடுத்த படி. மாதம் இருநூறு கோப்பை அனுப்புபவருக்கு இருநூறு தடவை அந்த அடுத்த படி.

எல்லைக் கோட்டை ஒட்டி நிற்கும் பொருள்களைத் தேடிப் பிடிப்பதுதான் இதில் வேலை. தராசில் 520 கிராம் காட்டுகிறதா? எதை எடுக்கலாம் என்று பாருங்கள். தடித்த விளம்பர அட்டை, இரண்டாவது சுற்று அட்டை, தேவையில்லாத பரிசுப் பை என ஏதாவது ஒன்று இருக்கும். 900 கிராமில் நிற்கும் பார்சலில் ஐம்பது கிராம் குறைத்து ஒரு பயனும் இல்லை. அங்கே நேரத்தை வீணாக்க வேண்டாம்.

சுருக்கமாக: நிஜ எடை, கன அளவு எடை இரண்டில் பெரியதை எடுத்து, அடுத்த படிக்கு ஏற்றிக் கட்டணம் போடுகிறார்கள். பெட்டி சின்னதானால் படி இறங்க வாய்ப்பு உண்டு.

பெட்டிகளைத் தேர்ந்தெடுப்பது

ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு பெட்டி செய்தால் சேமிக்கவே இடம் பத்தாது. ஒரே பெட்டியில் எல்லாவற்றையும் அனுப்பினால் காற்றுக்குக் கூலி. நடுவில் ஒரு வழி இருக்கிறது. கடைசி ஐம்பது ஆர்டரை எடுத்து, ஒவ்வொன்றிலும் என்னென்ன போனது என்று எழுதிப் பாருங்கள். கடையில் எண்பது பொருள் இருந்தாலும் ஆர்டர்கள் நாலைந்து வகைக்குள் அடங்கிவிடும். அதில் அடிக்கடி வரும் மூன்று வகைக்குச் சரியாகப் பொருந்தும் மூன்று பெட்டி அளவுகள் வைத்துக்கொண்டால் பெரும்பாலான சிறு கடைகளுக்குப் போதும். எப்போதாவது வரும் பெரிய ஆர்டருக்கு ஒரு பெரிய பெட்டி, அவ்வளவுதான்.

உடையாத பொருளுக்குப் பெட்டியே வேண்டாம். துணி, புத்தக உறை, பை போன்றவற்றுக்குக் கனமான பாலித்தீன் கவர் போதும். அது பொருளோடு ஒட்டிக்கொள்ளும், உள்ளே காற்று தங்காது. மடித்த சட்டையைப் பெட்டியில் அனுப்புவது எனக்கு மனசு பொறுக்காத ஒன்று.

பழைய பெட்டியைத் திரும்பப் பயன்படுத்தலாம். ஆனால் இரண்டு எச்சரிக்கை. அட்டைப்பெட்டியின் பலம் இரண்டு தாளுக்கு நடுவே அலைபோல மடிந்திருக்கும் தாளில் இருக்கிறது. அது ஒருமுறை நசுங்கிவிட்டால், பெட்டி பார்க்க நன்றாக இருந்தாலும் பலம் போயிருக்கும். இரண்டாவது, பழைய பார்கோடு எதையும் விட்டுவைக்காதீர்கள். ஹப்பில் இயந்திரம் பழைய கோட்டைப் படித்துவிட்டால் பார்சல் வேறு ஊருக்குக் கிளம்பிவிடும்.

சிக்கனம் என்று சொல்லிப் பாதுகாப்பைக் குறைக்கவும் கூடாது. ஒரு கோப்பை உடைந்து போனால், அதன் அடக்கவிலை போயிற்று, மறுபடி அனுப்பும் கூலியும் நம் தலையில். பெட்டியை மூடியதும் காதருகே வைத்துக் குலுக்குங்கள். உள்ளே அசைவு கேட்டால் அது தயாராகவில்லை. இடுப்பு உயரத்திலிருந்து ஒருமுறை மூலை தரையில் படும்படி போட்டுப் பாருங்கள். ஒரு புதுப் பெட்டி அளவை முடிவு செய்யும்போது ஒரே ஒருமுறை செய்தால் போதும்.

இரண்டாவது பொருள் ஏன் மலிவு

முதல் பகுதியில் பார்த்தது இங்கே உதவும். பிக்கப்புக்கு ஓர் ஆள் வருவதும், வாசலில் ஓர் ஆள் நிற்பதும் பார்சலுக்கு ஒருமுறை. உள்ளே ஒரு கோப்பை இருந்தாலும் இரண்டு இருந்தாலும் அந்த ஆள் படி ஏறுவது ஒருமுறைதான். அதனால் முதல் ஸ்லாப் விலை கூடுதலாகவும், அடுத்தடுத்த ஸ்லாப்கள் குறைவாகவும் இருப்பது வழக்கம்.

முதல் அரைக் கிலோவுக்கு 10 பங்கு, அதன்மேல் ஒவ்வோர் அரைக் கிலோவுக்கும் 6 பங்கு என்று வைத்துக்கொள்வோம். கோப்பைகளைத் தனித்தனியாக அனுப்பினால் 20 பங்கு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து 23 × 15 × 12 பெட்டியில் போட்டால் கன அளவு எடை 0.83 கிலோ, அதாவது இரண்டு ஸ்லாப், 16 பங்கு. ஒரு கோப்பைக்கு 8 பங்குதான் ஆகிறது. பெட்டி, டேப், ஒட்டும் நேரம் எல்லாமும் ஒன்றாகிவிட்டது.

ஒரே வாடிக்கையாளர் காலையில் ஒன்றும் மாலையில் ஒன்றும் ஆர்டர் செய்தால், அனுப்புமுன் இரண்டையும் சேர்த்துவிடுங்கள். தினமும் காலையில் ஆர்டர் பட்டியலைப் பெயர் வரிசையில் அடுக்கிப் பார்த்தால் கண்ணில் பட்டுவிடும். ஒன்று கையிருப்பில் இல்லை, பாதியை இன்று அனுப்பிப் பாதியைப் பிறகு அனுப்பலாம் என்று தோன்றினால், முதலில் வாடிக்கையாளரிடம் கேளுங்கள். "ரெண்டு நாள் கழிச்சு ஒண்ணாவே அனுப்புங்க" என்றுதான் பலரும் சொல்வார்கள்.

"இலவச டெலிவரி"க்கு யார் பணம் கட்டுவது?

இலவச டெலிவரி என்று ஒன்று கிடையாது. கூரியர் நிறுவனம் யாருக்கும் இலவசமாகச் சுமப்பதில்லை. அந்தக் கூலி பொருளின் விலைக்குள் போயிருக்கும், இல்லையென்றால் கடைக்காரரின் லாபத்திலிருந்து போயிருக்கும். பெரிய தளங்கள் கொடுக்கிறார்களே என்று பார்த்துச் சிறு கடைகளும் எல்லா ஆர்டருக்கும் இலவசம் என்று போட்டுவிடுகின்றன. பெரிய தளம் ஒரே தெருவுக்கு ஒரு நாளைக்கு இருபது பார்சல் கொண்டுபோகும். அவர்களுடைய லாஸ்ட் மைல் இருபதாகப் பிரியும். நமக்கு அப்படிப் பிரியாது.

சிறு கடைக்குப் பொருந்துவது, ஒரு குறிப்பிட்ட தொகைக்குமேல் வாங்கினால் இலவசம் என்ற முறை. அந்தத் தொகையை எங்கே வைப்பது? இதில் சராசரியைப் பார்த்துத் தவறு செய்கிறார்கள். ஒரு பெரிய ஆர்டர் வந்தாலே சராசரி ஏறிவிடும். ஆர்டர் தொகைகளைச் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கி, எங்கே கூட்டமாக இருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலானவை 80-க்கும் 100-க்கும் நடுவில் இருந்தால், எல்லையை 125 பக்கம் வைக்கலாம். இன்னும் ஒரு பொருள் சேர்த்தால் எட்டிவிடும் தூரம் அது. 300-இல் வைத்தால் யாரும் முயலவே மாட்டார்கள், 90-இல் வைத்தால் ஏற்கெனவே வாங்குகிறவர்களுக்குச் சும்மா கொடுத்ததாக ஆகும்.

வைத்த பிறகு ஒரு கணக்கைக் கட்டாயம் பாருங்கள். கூடுதலாக விற்கும் பொருளில் வரும் லாபமும், இதுவரை வாடிக்கையாளர் கட்டிவந்த டெலிவரிக் கட்டணமும். வருகிற லாபம் அந்தக் கட்டணத்துக்கு ஈடாகவில்லை என்றால், விற்பனை கூடக்கூட நஷ்டம் கூடும்.

திரும்பி வரும் பார்சல்

பார்சல் செலவைப் பற்றிப் பேசும் பலர் தொடாமல் விடும் இடம் இது. என் அனுபவத்தில் பெட்டிக்கு அடுத்து அதிகப் பணம் கசியும் இடமும் இதுதான்.

வாடிக்கையாளர் வாங்காமல் விட்டாலோ, முகவரி கிடைக்காமல் போனாலோ பார்சல் நம்மிடமே திரும்பி வரும். போன கூலியும் நம்முடையது, பல ஒப்பந்தங்களில் வந்த கூலியும் நம்முடையது. விற்பனை ஒன்றும் இல்லை.

100 பார்சல் அனுப்புகிறோம், ஒவ்வொன்றுக்கும் ஒரு பங்கு கூலி. 10 திரும்பி வருகின்றன, அவற்றுக்கு மறுபடி 10 பங்கு. மொத்தம் 110 பங்கு செலவு, ஆனால் கைசேர்ந்தவை 90. 110-ஐ 90-ஆல் வகுத்தால் 1.22. அதாவது உண்மையில் விற்ற ஒவ்வோர் ஆர்டருக்கும் கூலி 22 சதவீதம் கூடுதல். 20 திரும்பினால் 120-ஐ 80-ஆல் வகுக்க வேண்டும், 1.5, ஒன்றரை மடங்கு. கூரியரிடம் மன்றாடி ஐந்து சதவீதம் குறைத்து வாங்கியவர் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் தூக்கம் வராது.

பொருள் வந்தபின் பணம் கொடுக்கும் கேஷ் ஆன் டெலிவரி முறையில் இது இன்னும் கூடும், ஏனென்றால் வேண்டாம் என்று சொல்ல வாடிக்கையாளருக்கு ஒன்றும் செலவில்லை. இது புதுச் சிக்கலும் இல்லை. ரோலண்ட் ஹில் காலத்துக்கு முன் பிரிட்டனில் கடிதக் கட்டணத்தைப் பெரும்பாலும் பெறுபவர்தான் கட்டினார். அவர் வாங்க மறுத்தால் அஞ்சல்துறை சுமந்ததெல்லாம் வீண். அனுப்புபவரே முன்கூட்டிக் கட்டும்படி செய்ததுதான் ஹில்லின் திட்டத்தில் பாதி.

நமக்கும் மருந்து அதேதான். முன்பணம் கட்டுபவருக்குச் சிறு தள்ளுபடி கொடுங்கள். அந்தத் தள்ளுபடி, ஒரு பார்சல் திரும்பி வரும் செலவைவிடக் குறைவுதான். கேஷ் ஆன் டெலிவரி ஆர்டர் வந்தால் அனுப்புமுன் ஒரு செய்தி அனுப்பி "சரி" என்று பதில் வாங்குங்கள். பதில் வராத ஆர்டரை ஒருநாள் நிறுத்தி வையுங்கள். முகவரிப் படிவத்தில் வீட்டு எண், அருகில் உள்ள அடையாளம், அஞ்சல் குறியீடு, தொலைபேசி எண் நான்கும் கட்டாயம் என்று ஆக்குங்கள். குறியீடும் ஊர்ப் பெயரும் பொருந்துகின்றனவா என்று ஒரு பார்வை. இதற்கெல்லாம் ஆகும் நேரம் ஆர்டருக்கு அரை நிமிடம்.

அளவு பொருந்தவில்லை, நிறம் வேறு என்று திரும்புவதற்குக் காரணம் பெரும்பாலும் பொருளின் பக்கத்தில் இருக்கிறது. சென்டிமீட்டரில் அளவு எழுதுங்கள், கையில் பிடித்தபடி ஒரு படம் போடுங்கள். கோப்பை எவ்வளவு பெரிசு என்று வெறும் மேசைப் படத்தில் யாருக்கும் தெரியாது.

இங்கே நினைவில் வைக்க வேண்டியது: பார்சல் செலவை அனுப்பிய எண்ணிக்கையால் வகுக்காதீர்கள். வாடிக்கையாளர் கையில் சேர்ந்து, அங்கேயே தங்கிய எண்ணிக்கையால் வகுங்கள்.

பில்லில் சேரும் சில்லறைகள்

அடிப்படைக் கூலிக்குமேல் சேர்க்கும் தொகைகளுக்குச் சர்சார்ஜ் என்று பெயர். எரிபொருள் விலைக்கேற்ப ஏறி இறங்குவது ஒன்று, எட்டாத ஊர்களுக்கு ஒன்று, தவறான முகவரியைத் திருத்தியதற்கு ஒன்று, மிக நீளமான பெட்டிக்கு ஒன்று. எரிபொருள் சர்சார்ஜ் அடிப்படைக் கூலியின்மேல் சதவீதமாகப் போடப்படுவதால், படி இறங்கினால் இதுவும் தானாக இறங்கும்.

எடை மாற்றத்தை மட்டும் விழிப்பாகக் கவனியுங்கள். நாம் 0.5 என்று பதிந்திருப்போம், அவர்கள் மையத்தில் மறுபடி அளந்து 1 கிலோ என்று பில் போட்டிருப்பார்கள். சில நேரம் பெட்டி வழியில் உப்பியிருக்கும், சில நேரம் இயந்திரம் தவறாகப் படித்திருக்கும். பெட்டியைத் தராசில் வைத்து, எண் தெரியும்படி ஒரு படம், டேப் வைத்து அளவு தெரியும்படி ஒரு படம் எடுத்து வைத்தால், ஆட்சேபிக்கும்போது பேச ஆதாரம் இருக்கும். ஒரே அளவுப் பெட்டி, ஒரே பொருள் என்றால் ஒருமுறை எடுத்த படம் நெடுநாள் உதவும். ஆட்சேபிக்கக் கெடு நாள் உண்டு. மாதக் கடைசியில் பார்க்கலாம் என்று விட்டால் கெடு தாண்டிவிடும்.

கூரியரைத் தேர்ந்தெடுப்பது கடைசியில்

இவ்வளவும் செய்த பிறகு விலையை ஒப்பிடுங்கள். அப்போதுதான் ஒப்பீட்டுக்கே அர்த்தம் வரும், ஏனென்றால் உங்கள் பார்சல் எந்தப் படியில் நிற்கிறது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அரைக் கிலோவுக்கு மலிவாக இருப்பவர் இரண்டு கிலோவுக்கு மலிவாக இருக்க வேண்டியதில்லை. பக்கத்து ஊருக்கு ஒருவர், தொலைவுக்கு இன்னொருவர் என்று இரண்டு பேரை வைத்துக்கொள்வது சாதாரணம். பல சிறு கடைகளின் பார்சல்களைச் சேர்த்து, அந்த மொத்த எண்ணிக்கையைக் காட்டி விலை குறைத்து வாங்கித் தரும் இடைத்தரகுச் சேவைகளும் உண்டு. மாதம் பத்து இருபது பார்சல் அனுப்புபவருக்குத் தனியாகப் பேரம் பேசுவதைவிட அது நல்லது.

அஞ்சலகத்தை மறந்துவிடாதீர்கள். தனியார் கூரியர்கள் போக விரும்பாத ஊருக்கும் போவது அதன் கடமையில் சேரும். எட்டாத ஊருக்கு அனுப்பும் இலேசான பொருளுக்கு அது மலிவாக அமைவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். வெளிநாட்டுக்கு என்றால், 1874-இல் தொடங்கிய உலக அஞ்சல் ஒன்றியத்தின் ஏற்பாட்டில் ஒரு நாட்டின் அஞ்சல்துறை எடுத்த பார்சலை மற்ற நாட்டின் அஞ்சல்துறை கொண்டுபோய்ச் சேர்க்கும். அதில் சிறு பாக்கெட் என்ற வகைக்கு எல்லை 2 கிலோ. அவசரமில்லாத சின்னப் பொருளுக்கு அந்த வகையை முதலில் விசாரியுங்கள்.

முதல் வாரத்தில் செய்ய வேண்டியது

ஒரு டேப், ஒரு தராசு, ஒரு நோட்டு. கடைசி 30 ஆர்டருக்கு ஆறு பத்தி போடுங்கள்: பொருளின் எடை, பெட்டியின் மூன்று அளவு, கன அளவு எடை, பில்லில் வந்த எடை, கட்டிய தொகை, சேர்ந்ததா திரும்பியதா. கணினியில் விரிதாள் போடத் தெரிந்தால் இன்னும் சுலபம்.

முதல் பத்தியையும் நான்காம் பத்தியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டுக்கும் இடைவெளி எங்கே அதிகமாக இருக்கிறதோ அந்த வரிசையில் சிவப்பு மையால் ஒரு கோடு. அந்தப் பொருளுக்குத்தான் முதலில் புதுப் பெட்டி தேட வேண்டும். அது முடிந்தபின் கடைசிப் பத்திக்கு வாருங்கள். திரும்பியது என்று எழுதியிருக்கும் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஏன் என்று ஒரு வார்த்தை எழுதுங்கள். ஒரே வார்த்தை மூன்று தடவை வந்திருந்தால், அடுத்த வாரத்து வேலை அதுதான்.